கறுப்பு டேப்

சளக், சளக், சளக்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மிஷினை நிறுத்திவிட்டால் பட்டறையில் அந்தச் சத்தம் ஒன்றுதான் கேட்கும். தகரக் கொட்டகையின் நிழலில் நாய் ஜல்லி படுத்துக்கொண்டு முன்னங்காலை நக்கிக்கொண்டிருப்பாள். ஒரு கால் முடிந்தால் மறு கால். நக்கி அலுத்துவிட்டால் விரல் இடுக்கில் முன்பல்லை விட்டு, பேன் பார்க்கிறவள் மாதிரி நுணுக்கி நுணுக்கிக் கடிப்பாள்.

மேஸ்திரிக்கு அந்தச் சத்தம் சாப்பாட்டில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும்.

"ஏய், கால்ல என்ன தேனா வடியுது? நிறுத்துடி!"

ஜல்லி நிறுத்துவாள். காதை மடக்கி அவரைப் பார்ப்பாள். அவர் அடுத்த வாய் எடுப்பதற்குள் மறுபடியும் சளக், சளக்.

அது சிமெண்ட்டில் ஹாலோ பிளாக் கல் போடுகிற பட்டறை. சிமெண்ட்டும் மணலும் பொடி ஜல்லியும் கலந்து அச்சில் கொட்டி, மிஷின் ஓர் ஆட்டு ஆட்டினால் ஆறு கல் தரையில் உட்காரும். அப்படி வரிசை வரிசையாக, களம் முழுக்க. மறுநாளிலிருந்து பத்து நாளைக்கு அந்தக் கல்லுக்குத் தண்ணீர் விட வேண்டும். விடாவிட்டால் கல் வெடிக்கும். காலையிலும் மாலையிலும் குழாயைப் பிடித்து நனைப்பார்கள். கல் குடித்தது போக மிச்சத் தண்ணீர் வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் இருக்கிற ஒரு முழச் சந்தில் இறங்கி, பால் கலந்த மாதிரி வெள்ளையாகத் தேங்கி நிற்கும்.

மேஸ்திரி அந்தக் களத்தில் முப்பது வருஷ ஆள். களத்தின் கோடியில் இருந்த ஒற்றை அறைதான் வீடு. அவர் மனைவி பதினாலு வருஷம் அச்சிலிருந்து கல் எடுத்து அடுக்கும் வேலை பார்த்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் விரல்கள் மடங்க மறுத்துவிட்டதால் நின்றுவிட்டாள். இப்போது கேட்டைப் பார்த்துக்கொள்வாள், சமைப்பாள், வருகிற லாரியின் எண்ணைக் குறித்து வைப்பாள். பேனாவைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் செருகிக்கொண்டுதான் எழுதுவாள்.

பொடி ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் கிடந்த குட்டி என்பதால்தான் ஜல்லி என்று பேர். வந்த புதிதில் ஒரே நாளில் இன்னும் காயாத நாற்பது பச்சைக் கல்லில் கால் பதித்துவிட்டாள். முதலாளி, "நாயை வெரட்டுறியா, உன்னை வெரட்டவா?" என்று கேட்டார். மேஸ்திரி விரட்டவில்லை. ஒரு வாரம் அவள் கூடவே நடந்தார். பச்சைக் கல் மேல் ஏறினால் மூக்கில் ஒரு சுண்டு. சந்தில் நடந்தால் ஒரு பிஸ்கட். எட்டாம் நாள் ஜல்லி, நூல் பிடித்த மாதிரி சந்தில் மட்டும் நடந்தாள். அன்றிலிருந்து மேஸ்திரி கல் பார்க்கப் போகும்போதெல்லாம் அவளும் பின்னாலேயே போவாள். வரிசைக்கு வரிசை, சந்துக்குச் சந்து.

வருகிற லாரிக்காரனிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி மேஸ்திரிக்கு வாய் வலித்ததே இல்லை.

"எங்க ஜல்லி சந்தை விட்டு ஒரு நகம் வெளிய வைக்க மாட்டா. நீ நேத்து லாரியைத் திருப்புறேன்னு எட்டுக் கல்லை ஒடச்சியே, உனக்கு அந்தப் புத்தி இருக்கா?"

"அண்ணே, எனக்கும் யாராவது பிஸ்கட் குடுத்திருந்தா இந்நேரம் நான் பிளேனே ஓட்டியிருப்பேன்" என்பான் லாரிக்காரன். வாரத்தில் நாலு நாள் லோடு ஏற்ற வருகிறவன் அவன். மேஸ்திரியை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிட்டு, உரிமையோடு டீ கேட்டு வாங்கிக் குடிப்பவன்.

காலையில் வேலை தொடங்கும் முன் மேஸ்திரி ஒரு பழைய அச்சைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, விரல்களுக்குக் கறுப்பு டேப் சுற்றுவார். கரண்ட் வேலைக்காரர்கள் ஒயரில் சுற்றுகிற அதே டேப். சிமெண்ட் தின்ற விரல் வெடித்திருக்கும். வெடிப்பை மூடி இறுக்கிச் சுற்றிவிட்டால் எரிச்சல் தெரியாது, வேலை ஓடும். களத்தில் எல்லாருக்கும் அதுதான் மருந்து. டாக்டரிடம் போனவன் சோம்பேறி என்பதுதான் மேஸ்திரியின் கட்சி. அவர் டேப் சுற்றும்போது ஜல்லி வந்து எதிரில் உட்கார்ந்து, வலது முன்னங்காலைத் தூக்கி அவர் முழங்கால் மேல் வைப்பாள்.

"என்ன, உனக்கும் ஒரு சுத்து வேணுமா?" என்பார் மேஸ்திரி. தினமும் இதே கேள்விதான். தினமும் சிரிப்பார்.

முதலில் கண்டவள் மனைவிதான்.

"ஏங்க, இவ கால் மயிரைப் பாருங்க. வெள்ளையா இருந்தது செம்பட்டையாப் போச்சு."

"அச்சுல துரு இருக்கும். அதுல படுத்திருப்பா."

"துரு விரலுக்கு நடுவுலயா பிடிக்கும்? உள்ள செவந்து கிடக்கு. தொட்டா இழுத்துக்கிறா."

"நாய்னா நக்கத்தான் செய்யும். வேற என்ன வேலை அதுக்கு? கணக்குப் பிள்ளை வேலையா?"

"சாயங்காலம் நல்ல தண்ணியில காலைக் கழுவித் துடைச்சா என்ன?"

"ஆமா, மகாராணிக்குக் கால் கழுவி விட்டு, பவுடரும் போட்டுவிடு. எனக்கு ஒரு நாள் கழுவியிருக்கியா?"

"உங்களுக்குக் குனியத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலை ஒரு வாளித் தண்ணீரில் அவளே கழுவவும் செய்தாள். ஆனால் துணியைப் பிழிய அவள் கை ஒத்துழைக்கவில்லை. இரண்டு நாள் செய்தாள். மூன்றாம் நாள் வாளி விரலில் நிற்காமல் நழுவிக் காலில் விழுந்து, கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. அதோடு நின்றது. மேஸ்திரி வாளியைத் தூக்கிக் கொடுத்திருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

லாரிக்காரன் அவன் பங்குக்கு வைத்தியம் சொன்னான். "இஞ்சின்ல வடிச்ச பழைய ஆயில் இருக்குண்ணே. ரெண்டு தடவு தடவினா சொறி, சிரங்கு எல்லாம் ஓடிரும்."

"அவ அதை நக்கி, வயித்துக்குள்ள போனா இஞ்சின் ஓடுமா?" என்றாள் மனைவி.

"அண்ணி சொன்னா சரிதான்" என்று அவன் டீ டம்ளருக்குள் முகத்தை விட்டுக்கொண்டான்.

பிறகு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. களம் கொள்ளாத அளவுக்குக் கல். காலை ஏழு மணிக்கு ஓட ஆரம்பித்தால் மிஷின் பொழுது சாய்ந்துதான் நிற்கும். மேஸ்திரிக்குத் தலை சொறியவும் நேரம் இல்லை. சாப்பிட உட்கார்கிற கால் மணி நேரத்திலும் சளக், சளக். ஒரு நாள் பக்கத்தில் கிடந்த கல் துண்டை எடுத்து வீசிவிட்டார். படவில்லை. ஜல்லி எழுந்து மூன்று காலில் நொண்டிக்கொண்டே போய், மணல் குவியலுக்குப் பின்னால் படுத்தாள். அங்கிருந்தும் அதே சத்தம் வந்தது.

மறுநாள் காலை மேஸ்திரி விரலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருக்கும்போது, அவள் வழக்கம்போல வந்து காலை முழங்கால் மேல் வைத்தாள். பாதம் ஈரமாக இருந்தது. விரல் இடுக்கில் மயிர் கொட்டி, தோல் பச்சைப் புண்ணாகத் தெரிந்தது.

"உனக்கும் ஒரு சுத்து வேணுமா?" என்றார். சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு டேப்பைப் பார்த்தார்.

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மூடிவிட்டால் நாக்கு படாது. நாக்கு படாவிட்டால் ஆறிவிடும். மிஷின் துடைக்கிற பஞ்சு நூலைப் பாதத்தைச் சுற்றி வைத்து, அதன் மேல் கறுப்பு டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினார். வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று. ஜல்லி ஒரு தரம் முனகினாள். காலை மட்டும் இழுத்துக்கொள்ளவே இல்லை. அவர் சுற்றி முடிக்கும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

மனைவி டீயோடு வந்து நின்றாள்.

"இவ்வளவு இறுக்கினா காத்துப் போகுமா?"

"என் விரலுக்கு முப்பது வருஷமா காத்துப் போகல. அழுகியா போச்சு?"

அவள் அவர் விரலைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்த்தாள். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜல்லி நக்குவதை நிறுத்தினாள். முதல் நாள் டேப்பைக் கடித்துப் பார்த்தாள். அது முப்பது வருஷ அனுபவம் சுற்றிய டேப், அசையவில்லை. மத்தியானம் சத்தமே இல்லை. மேஸ்திரி வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

"பார்த்தியா? இதுதான் கை வைத்தியம்."

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஜல்லி அவர் பின்னாலேயே நடந்தாள். கறுப்பு பூட்ஸ் போட்ட வாட்ச்மேன் மாதிரி இருக்கிறாள் என்று லாரிக்காரன் சல்யூட் வைத்தான். எல்லாரும் சிரித்தார்கள். சந்தில் வெள்ளைத் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. அவள் அதில்தான் நடந்தாள். வேறு எங்கே நடப்பாள்?

நாலாம் நாள் காலை அச்சைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். டேப் சுற்றி முடித்தும் ஜல்லி வரவில்லை. கூப்பிட்டார். கொட்டகை மூலையில் படுத்தபடியே வாலை மட்டும் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். கிட்டே போனபோது நாற்றம் அடித்தது. டேப்புக்கு மேலே கால் குடம் மாதிரி வீங்கியிருந்தது.

மனைவி கத்தரிக்கோலோடு ஓடி வந்தாள். கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரலை நுழைத்தாள், விரல் மடங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து அழுத்திப் பார்த்தாள். முடியவில்லை.

"நீங்களே வெட்டுங்க" என்றாள். "நீங்கதானே சுத்துனீங்க."

மேஸ்திரி வெட்டினார். டேப் வந்தது. அதோடு பஞ்சு வந்தது. பஞ்சோடு ஒட்டிக்கொண்டு தோலும் வந்தது. ஜல்லி அலறிக்கொண்டே திரும்பி அவர் மணிக்கட்டைக் கவ்வினாள். பற்கள் தோலில் உட்கார்ந்தன. கடித்திருந்தால் எலும்புவரை இறங்கியிருக்கும். அவள் கடிக்கவில்லை. கவ்விய வாயோடு உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டு, அவர் இரண்டாவது காலின் டேப்பையும் வெட்டி முடிக்கிறவரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

லோடு ஏற்ற வந்திருந்த லாரிக்காரன், ஒன்றும் கேட்காமல் லாரியைத் திருப்பினான். அன்றைக்கு ஒரு கல்கூட உடையவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர், தூக்கம் போதாத கண்ணும் மடித்துவிட்ட சட்டைக் கையுமாக இருந்தார். முந்தின ஆளுக்கு மாடு, அடுத்த ஆளுக்கு ஆடு, நடுவில் ஜல்லி. மேசை மேல் கிடத்தி, பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

"எத்தனை நாளா நக்குது?"

"ரெண்டு மாசம் இருக்கும்" என்றாள் மனைவி.

"ஒரு காலா, ரெண்டுமா?"

"ரெண்டும். அப்பப்போ பின்னங்காலும்."

"ஒரு காலை மட்டும் நக்குச்சுன்னா முள்ளு, கண்ணாடி ஏதாவது ஏறியிருக்கும்னு தேடுவேன். எல்லாக் காலும்னா வேற. உண்ணி இருக்கலாம், சாப்பாடு சேராம இருக்கலாம், ஈரத்துல படை பிடிச்சிருக்கலாம். சிலது தனியா கட்டிப் போட்டா பொழுது போகாமயும் நக்கும். இந்தச் செம்பட்டை நிறம் எச்சில் கறை. நாள்பட நக்கினாத்தான் வரும்." அவர் பாதத்தைப் பஞ்சால் ஒற்றினார். பஞ்சில் சாம்பல் நிறத் துகள் ஒட்டியது. அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். "இது எங்க நடக்குது?"

மேஸ்திரி வாயைத் திறந்தார். எத்தனையோ லாரிக்காரர்களிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன பதில். இப்போது அது ஒரே வார்த்தையாகத்தான் வந்தது.

"சந்துல" என்றார்.

"எந்தச் சந்து?"

"கல்லுக்கு விடுற தண்ணி நிக்கிற சந்து. கல்லு மேல ஏறாம அதுல மட்டும்தான் நடக்கணும்னு பழக்கியிருக்கேன்."

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். டாக்டர் திட்டவில்லை. "சிமெண்ட் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி மாதிரித்தான்யா. தோலைத் தின்னும். தின்ன இடத்துல அரிக்கும், எரியும். அதுக்குக் கையா இருக்கு சொறிய? நாக்குதான் இருக்கு. கெட்ட பழக்கம்னு நெனச்சிருப்பீங்க. தினம் நல்ல தண்ணியில கழுவி, விரல் இடுக்குல ஈரம் இல்லாம துடைச்சு, அந்தத் தண்ணியில விடாம இருந்தா ஒரு வாரத்துல ஆறியிருக்கும். நக்காம இருக்கக் கழுத்துல ஒரு கூம்பு மாட்டினாப் போதும். காத்துப் போகாம டேப்பைச் சுத்தி, அந்தத் தண்ணியிலயே விட்டா, உள்ளயே வெந்து போகும். யாரு இப்படிச் சுத்துனது?"

"என் கைக்குச் சுத்துன அதே ஆள்தான் டாக்டர்" என்றாள் மனைவி.

சொன்ன தொனியில் கோபம் இல்லை. லாரி எண்ணைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். டாக்டர் அவள் கையைப் பார்த்தார். தோல் தடித்து வெடித்து, விரல்கள் பாதி வளைந்த நிலையிலேயே நின்றுபோன கை. அப்புறம் மேஸ்திரியின் விரல்களைப் பார்த்தார். அவற்றில் அன்று காலை சுற்றிய கறுப்பு டேப் இருந்தது. மேஸ்திரி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

பதினாலு வருஷத்தில் அவள் எத்தனை தரம் சொல்லியிருப்பாள்? அரிக்குதுங்க. எரியுதுங்க. ஒரு நாள் லீவு போடட்டுமா. ஒவ்வொரு தரமும் அவர் டேப்பை எடுத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, பாசத்தோடுதான் சுற்றிவிட்டார். "சிமெண்ட்டுல வேலை செஞ்சா அப்படித்தான். இறுக்கிச் சுத்திட்டா தெரியாது." அவளும் கையை இழுத்துக்கொள்ளாமல் கொடுத்துக்கொண்டேதான் இருந்தாள்.

வலது முன்னங்காலில் இரண்டு விரலை எடுக்க வேண்டியிருந்தது. இடது கால் தப்பியது.

"நடப்பா" என்றார் டாக்டர். "கொஞ்சம் சாய்ச்சு நடப்பா, அவ்வளவுதான்." மருந்துச் சீட்டை மேஸ்திரியிடம் நீட்டியவர், "அந்தம்மாவைத் தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நீங்களும் போங்க" என்று சேர்த்துச் சொன்னார்.

போனார்கள். அந்த டாக்டர் களிம்பு கொடுத்தார். அரிப்புக் குறையும், வெடிப்பு மூடும் என்றார். விரல் மடங்குமா என்று மேஸ்திரி கேட்டபோது, "மூணு வருஷத்துக்கு முன்னாடி வந்து கேட்டிருக்கணும்" என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் மனைவிதான் பஸ் ஜன்னல் வழியாகக் கடைகளைப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தாள்.

ஜல்லி ஒரு மாதத்தில் எழுந்து நடந்தாள். அதற்குள் மேஸ்திரி, மூலை உடைந்த கழிவுக் கற்களைக் களத்தின் ஓரமாக ஈரம் படாத மேட்டில் பதித்து, அவளுக்கென்று ஒரு பாதை போட்டிருந்தார். அவளைத் தூக்கி அதன் மேல் விட்டார். பிஸ்கட்டைக் காட்டினார். ஜல்லி கல்லை மோந்து பார்த்தாள். மிரண்டாள். சட்டென்று கீழே குதித்து, நொண்டிக்கொண்டே போய் வெள்ளைத் தண்ணீர் நின்ற சந்தில் இறங்கி, நூல் பிடித்த மாதிரி நடந்து போனாள். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். சரியாகத்தானே நடக்கிறேன் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

மூன்று நாள் முயற்சி செய்தார். நாய் கற்றதை மறக்கவில்லை. அவர் அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தார்.

நாலாம் நாள் கடப்பாரையை எடுத்தார். நாயின் வழி மாறாது என்றால் தண்ணீரின் வழி மாறட்டும். வேலை நின்ற மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் களத்தைக் கொத்தி, சந்துகளை மேடாக்கி, சுவரோரம் சரிவாக ஒரு வடிகால் வெட்டினார். முதலாளி, "யாரைக் கேட்டு?" என்றார். "யாரையும் கேக்கல" என்றார் மேஸ்திரி. முப்பது வருஷத்தில் அவர் அப்படிப் பேசிக் கேட்டதில்லை என்பதால் முதலாளி போய்விட்டார். ரப்பர் கையுறைகளை வாங்கி வந்து மிஷின் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டு, போடாதவனை வேலைக்கு விடமாட்டேன் என்றும் சொன்னார். லாரிக்காரன், "அண்ணன் ஆபரேஷன் பண்ணப் போறாரு டோய்" என்றான். மேஸ்திரி சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான்.

இப்போது சந்துகள் காய்ந்து கிடக்கின்றன. ஜல்லி அவற்றில் வலப்பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள். நக்கும் சத்தம் இல்லை. காலையில் மேஸ்திரி அச்சைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கையுறையை மாட்டும்போது, அவள் வருவாள். இரண்டு கை தூரம் தள்ளி உட்காருவாள். வாலும் ஆட்டுவாள். ஆனால் முன்னங்கால்கள் இரண்டையும் நெஞ்சுக்கு அடியில் மடித்து வைத்துக்கொள்வாள். அவர் கையை நீட்டினால் இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்வாள்.

மாலையில் கால் கழுவுவது மட்டும் ஒரு நாளும் தவறுவதில்லை. மனைவி முக்காலியில் உட்காருவாள். ஜல்லி தானாக வந்து அவள் மடியில் காலை வைப்பாள். மேஸ்திரி பின்னால் நின்று செம்பில் ஊற்றுவார். அவள் மடங்காத விரல்களால் பாதத்தைத் தடவிக் கழுவுவாள். துண்டை அவர் பிழிந்து கொடுக்க, விரல் விரலாக அவள் துடைப்பாள்.

ஒரு நாள் மேஸ்திரி செம்பை வைத்துவிட்டுக் குனிந்து, அந்த இரண்டு விரல் போன காலை மெதுவாகத் தொட்டார். ஜல்லி மடியிலிருந்து காலை உருவிக்கொண்டு எட்டிப் போய் நின்றாள்.

"பொறுங்க" என்றாள் மனைவி. "எனக்கே மூணு வருஷம் ஆச்சு."

மேஸ்திரிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் அவள் முகத்தைப் பார்த்தார்.

"உனக்கு என்மேல இருந்த கோபம் போக மூணு வருஷம் ஆச்சா?"

"போச்சுன்னு யாரு சொன்னா?" என்றாள் அவள். நாக்கைச் சொடுக்கி ஜல்லியைக் கூப்பிட்டாள். ஜல்லி வந்து மறுபடி காலை மடியில் வைத்தாள். "தண்ணியை ஊத்துங்க."

அவர் செம்பை எடுத்து ஊற்றினார்.